அம்பாலா மைக்ராஸ்கோப்பும் அப்பா நட்ட சீகையும்

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அவென்யூ ரோடு பக்கம் நடந்தால், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கும் புத்தகக் கடைகளுக்கும் நடுவே ஒரு முதல் மாடியில் லேப் சாமான் விற்கிறார்கள். கடையின் பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன். போன வருடம் ஆடி மாதம் அங்கே போய், பையிலிருந்து நுண்ணிய அசைவை அளக்கிற டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். கடைக்காரர் கையில் டீயோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நீங்க மைக்ராஸ்கோப் வாங்க வந்தீங்களா, லேத் வாங்க வந்தீங்களா?"

நான் பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டூல்ரூமில் நாற்பது வருடம் இருந்தவன். அதில் முக்கால்வாசி இன்ஸ்பெக்‌ஷன். மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்பது எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்கிய சொல். எந்தக் கருவியும் தன்னைப் பற்றி அட்டைப்பெட்டியில் எழுதிக்கொண்டிருப்பதை நான் அளக்காமல் நம்பியதில்லை. ஆகவே இந்த விமர்சனம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது இரட்டைக் கண் வைத்துப் பார்க்கும் பைனாகுலர் மைக்ராஸ்கோப். ஹரியானாவில் இருக்கும் அம்பாலாவில் செய்தது. 4, 10, 40, 100 என்று நான்கு லென்ஸ், கீழே எல்இடி விளக்கு, ஸ்லைடை நகர்த்த இரண்டு திருகு வைத்த ஸ்டேஜ். பில்லோடு 18,500 ரூபாய். ஜெர்மன், ஜப்பான் பெயர் போட்டவை இதைப் போல் பல மடங்கு விலை என்பதால் அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

எனக்கு எதற்கு இது? என் சின்னப் பெண் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய பாடம் மகரந்தம். இன்று பூத்த பூவின் மகரந்தம் இல்லை, பல ஆயிரம் வருடமாகச் சேற்றுக்குள் கிடக்கிற மகரந்தம். லேபில் நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றுதான், அதற்கு ஆறு பேர் வரிசை. "அப்பா, கண்ணு பழகணும். ஒரு ஸ்லைடுக்கு முந்நூறு துகள் எண்ணணும். வீட்ல ஒண்ணு இருந்தா ராத்திரியில உட்கார்ந்து பழகிக்குவேன்" என்றாள். சரி, வாங்கிவிடலாம் என்றேன். இப்போது அவளைவிட நான்தான் அதன் முன்னால் அதிகம் உட்காருகிறேன் என்பது வீட்டில் நிரந்தரப் புகார்.

அவள் வேலை என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மகரந்தத் துகளின் வெளிச்சுவர் ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது. அமிலத்துக்கும் அசையாது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மாட்டிக்கொண்டால் பல ஆயிரம் வருடம் அப்படியே இருக்கும். ஏரியிலும் சதுப்பிலும் வருடா வருடம் மேலே மேலே படிவு சேரும். அடியில் பழையது, மேலே புதியது. குழாயை இறக்கிச் சேற்றுத் தூண் ஒன்றை எடுத்து, சில சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தச் செடியின் மகரந்தம் எத்தனை என்று எண்ணினால், அந்தந்தக் காலத்தில் சுற்றிலும் என்ன காடு இருந்தது என்று தெரியும். காடு தெரிந்தால் மழை தெரியும். இந்த எண்ணிக்கையைச் சதவீதப் படமாக வரைந்து, 1916-இல் ஒரு கூட்டத்தில் முதன்முதலில் காட்டியவர் லெனார்ட் வான் போஸ்ட் என்ற சுவீடன்காரர். நூறு வருடம் தாண்டியும் அடிப்படை அதேதான்: உட்கார், பார், எண்ணு. எங்கள் டூல்ரூம் மாதிரி.

சரி, கருவிக்கு வருகிறேன்.

மகரந்தத் துகள்களில் பெரும்பாலானவை 20 முதல் 60 மைக்ரானுக்குள் அடங்கும். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு 400 மடங்கு பெருக்கம் போதும், அதாவது 40 லென்ஸ் (கண் லென்ஸ் தன் பங்குக்குப் பத்து மடங்கு). ஆகவே இந்த வேலைக்கு மைக்ராஸ்கோப் வாங்குகிறவர் 100 லென்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். 40 லென்ஸ் நன்றாக இருக்கிறதா, ஃபைன் ஃபோகஸ் வழுக்காமல் நிற்கிறதா, ஸ்டேஜ் விட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறதா, இந்த மூன்றைப் பாருங்கள். கடைக்காரர் எனக்குக் காட்டியதோ முழுக்க முழுக்க 100 லென்ஸைத்தான். "சார், ஆயிரம் மடங்கு!"

40 லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடி வரும், ஒரு மில்லிமீட்டரை நூறாகக் கோடு போட்டது, ஒரு கோட்டுக்கு 10 மைக்ரான். அதை வைத்துக் கண் லென்ஸில் இருக்கும் அளவுகோலைச் சரிபார்த்தேன். கணக்குப்படி ஒரு பிரிவு 2.5 மைக்ரான் வர வேண்டும். 2.56 வந்தது. அதாவது 40 என்று பொறித்த லென்ஸ் உண்மையில் 39. இந்த விலைக்கு இது குறையே இல்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ஆனால் நான் பார்த்த இரண்டு பேர் இந்தச் சரிபார்ப்பே செய்யாமல் துகள் அளவு எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண்ணிடம் சொன்னேன். "அவங்க சீனியர்ப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள்.

ஃபைன் ஃபோகஸில்தான் எனக்கும் இந்தக் கருவிக்கும் சண்டை. திருகில் ஒரு பிரிவுக்கு 2 மைக்ரான் என்று பொறித்திருக்கிறது. டயல் கேஜை ஸ்டேஜ் மேல் நிறுத்தி இருபத்தைந்து பிரிவு திருப்பினால் 50 மைக்ரான் ஏற வேண்டும், 47 ஏறியது. அது பரவாயில்லை. திருப்பி இறக்கும்போது முதல் நான்கு பிரிவு வரை ஸ்டேஜ் அசையவே இல்லை. எட்டு மைக்ரான் விளையாட்டு, அதாவது திருகு சுற்றியும் எதுவும் நகராத தளர்வு. ஆணி, நட்டு பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. முப்பது மைக்ரான் துகளை மேலிருந்து கீழ் வரை வருடிப் பார்க்கிறவருக்கு எட்டு மைக்ரான் என்பது கால் பங்குக்கும் மேல்.

ஏன் அப்படி வருட வேண்டும் என்றால், துகளின் அடையாளமே அதில்தான். சுவரில் மேடு இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியாது. ஃபோகஸை மேலே வைத்தால் மேடு வெளிச்சமாகத் தெரியும், கொஞ்சம் இறக்கினால் அதே இடம் இருண்டுவிடும். குழி என்றால் இது தலைகீழாக நடக்கும். எர்ட்மன் என்ற இன்னொரு சுவீடன்காரர் இதை ஒரு முறையாகவே ஆக்கிவைத்தார். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. தட்டையான படத்தில் மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்க ஒரு திருகு போதும்! ஆனால் அந்தத் திருகு நேர்மையாக இருக்க வேண்டும். இப்போது எப்போதும் ஒரே திசையில், கீழிருந்து மேலாக மட்டும் ஃபோகஸ் செய்கிறேன். லேத்தில் இந்த விளையாட்டை (பேக்லாஷ் என்போம்) ஏமாற்ற நாங்கள் செய்கிற அதே வேலை.

ஸ்டேஜும் அப்படித்தான். 400 மடங்கில் ஒரே நேரத்தில் கண்ணில் படும் வட்டத்தின் குறுக்களவு 0.45 மில்லிமீட்டர். மேலே மூடுகிற கவர்ஸ்லிப் 22 மில்லிமீட்டர் சதுரம். ஏர் ஓட்டுவது போல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டினால் முழுக்க முடிக்க நாற்பத்தொன்பது சால். நடுவில் சந்தேகமான துகள் ஒன்று கிடைத்தால், ஸ்டேஜ் ஓரத்து வெர்னியர் அளவுகோலில் அதன் முகவரியைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வர வேண்டும். பத்து முறை போய்வந்து பார்த்தேன். மோசமான முறையில் 0.3 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய துகள் வட்டத்துக்கே வெளியே போய்விட்டது. டூல்ரூமில் இதை ரிஜெக்ட் என்று சிவப்பு மை வைத்திருப்பேன். வீட்டில் "கொஞ்சம் தேடினால் கிடைக்கும்" என்று விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றால் மனம் இளகிவிடுகிறது.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண் குழாய்களும் துல்லியமாக ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, முதல் மாதம் இருபது நிமிடத்தில் தலைவலி வந்தது. கடைப் பையன் ஒருவன் வந்து நான்கு ஸ்க்ரூவைத் தொட்டுச் சரி செய்தான். கெட்டிக்காரப் பையன். 100 லென்ஸ் வந்தபோதே உள்ளே மங்கல். மாற்றிக் கொடுக்க ஆறு வாரம். ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் "லாரியில் இருக்குது சார்". அம்பாலாவிலிருந்து பெங்களூருக்கு மாட்டு வண்டியே வந்திருக்கும். அப்புறம், விளக்குக்கு மேலே, ஸ்டேஜுக்குக் கீழே இருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதன் ஐரிஸை, அதாவது ஒளி வரும் திறப்பை, முழுக்கத் திறந்துவிட்டால் மகரந்தம் ஆவி மாதிரி, இருந்தும் இல்லாத மாதிரி தெரியும். மூன்றில் ஒரு பங்கு மூடினால் சுவரின் கோடுகள் எழுந்து நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் "லென்ஸ் மோசம்" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருப்பார்கள்.

கவர்ஸ்லிப்பையும் கவனியுங்கள். 40 லென்ஸ் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்காகச் செய்தது. கூடவே கொடுத்த மலிவு டப்பாவில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் 0.13-இலிருந்து 0.22 வரை இருந்தது. 0.22 கண்ணாடிக்கு அடியில் பார்த்தால் படம் பால் கலந்தது போல் இருக்கும். நான் அளந்து பிரித்து இரண்டு டப்பாவாக வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் நாங்கள் குடியிருக்கும் ஹலசூரைச் சுற்றி என்ன பூத்ததோ அதையெல்லாம் பார்த்தேன். முறை எளிது. மகரந்தப் பையை ஸ்லைடில் தட்டி, ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, ஃபுக்சின் சாயம் போட்ட கிளிசரின் ஜெல்லியை ஒரு மிளகு அளவு வைத்து லேசாகச் சூடு காட்டிக் கவர்ஸ்லிப்பை இறக்க வேண்டும். ஓரத்தில் நகப்பூச்சு அடித்தால் முடிந்தது. (நகப்பூச்சு மனைவியுடையது. தனியாக ஒன்று வாங்கச் சொல்லிவிட்டாள்.) செம்பருத்தி நூறு மைக்ரானுக்கு மேல், உருண்டை, உடம்பெல்லாம் முள். பத்து லென்ஸிலேயே தெரிகிறது, குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை. காலி மனையெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் சின்னது, அதற்கும் முள். என் மூக்கைப் பல வருடம் ஒழுகவிட்டவனை முதல்முறையாக நேரில் பார்த்தேன். சவுக்கு, தென்னை, கற்பூர மரம் (யூகலிப்டஸைத்தான் சொல்கிறேன்) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கற்பூர மரம் அழகான முக்கோணம், மூன்று மூலையிலும் ஒரு துளை.

புல் மட்டும் ஏமாற்றம். அருகம்புல்லைப் பார்த்தேன், ராகியைப் பார்த்தேன், வேலியோரத்துப் பெயர் தெரியாத புல்லைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி, வழுவழு உருண்டை, ஒரே ஒரு துளை. மக்காச்சோளம் மட்டும் உருவத்தில் பெரியது. "என்னம்மா, லென்ஸில் கோளாறா?" என்றேன். "இல்லப்பா, உலகத்துல எல்லாருக்கும் அதே கதிதான். புல்லுன்னு சொல்லலாம், எந்தப் புல்லுன்னு சொல்ல முடியாது" என்றாள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

நடுவில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஏரியைத் தூர் வாரி, லாரியில் மண் கொண்டுபோனார்கள். டிரைவரிடம் கேட்டு ஒரு பக்கெட் வாங்கி வந்தேன். பெங்களூர் ஏரிகள் பலவும் கெம்பே கவுடா காலத்திலிருந்து வெட்டப்பட்டவை, ஐந்நூறு வருடக் கதை கிடைக்காதா என்ற ஆசை. கழுவி, வடிகட்டி, மூன்று நாள் பாடுபட்டு ஸ்லைடு போட்டேன். மணல். மணல். கண்ணாடிச் சிமிழ் போன்ற டயாட்டம் என்ற நுண்பாசிகள் கொஞ்சம். நீல நிற நைலான் இழை. பார்த்தீனியம் நான்கு. பெண் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது மனுஷங்க கட்டின ஏரி. காலங்காலமாத் தூர் வாரி வயலுக்கு அடிச்சிருக்காங்க. அடுக்கே இல்ல, எல்லாம் கலந்த சாம்பார்" என்றாள். தூர் வாரினால் ஏரிக்கு நல்லது, வயலுக்கு நல்லது. மகரந்தக்காரர்களுக்கு மட்டும் கல்வெட்டைச் சுரண்டி எடுத்த மாதிரி.

மணலைக் கரைக்க லேபில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போடுகிறார்கள். அது கண்ணாடியையே தின்னும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். துகளின் உள்ளே இருப்பதை எரித்துச் சுவரை மட்டும் விட, அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, கந்தக அமிலம் ஒரு பங்கு சேர்த்த கலவை. அதில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும். இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், ஒரு வாரம் பேசவில்லை.

அங்கே செய்கிற ஒரு காரியம் மட்டும் எனக்குக் கை தட்டத் தோன்றியது. மண்ணைக் கரைக்கும்போதே லைகோபோடியம் என்ற செடியின் வித்துத் தூளை மாத்திரையாகப் போடுகிறார்கள். ஒரு மாத்திரையில் எத்தனை வித்து என்று முன்பே எண்ணித் தெரியும். பத்தாயிரம் போட்டதாக வைத்துக்கொள்வோம். கடைசியில் ஸ்லைடில் முந்நூறு மகரந்தம் எண்ணும்போது கூடவே நூறு லைகோபோடியம் கண்ணில் பட்டால், அந்த மண்ணில் முப்பதாயிரம் மகரந்தம் இருந்திருக்கிறது. வழியில் எவ்வளவு சிந்தினாலும் கவலை இல்லை, இரண்டும் சேர்ந்தேதான் சிந்தும். அளவு தெரிந்த மாஸ்டர் பீஸை வேலையோடு சேர்த்தே ஓட்டுகிற இந்த யோசனை எங்கள் டூல்ரூமில் யாருக்கும் தோன்றியிருந்தால் அவார்டு கொடுத்திருப்பார்கள்.

மார்கழியில் பெண் லேபில் தயார் செய்த சில ஸ்லைடுகளின் இரண்டாம் பிரதிகளை, கைடிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "இது உங்க ஊர் மண்ணு, தெரியுமாப்பா?" என்றாள்.

நான் பிறந்தது நீலகிரியில், சாண்டிநல்லா பக்கம். ஆட்டுப் பண்ணை இருக்கிற இடம். அங்கே மேடெல்லாம் புல், மடிப்புகளில் சோலை, தாழ்ந்த இடங்களில் கருப்புச் சதுப்பு. சதுப்பில் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். தோடர் எருமையே மாட்டிக்கொண்டு செத்திருக்கிறது என்று பாட்டி பயமுறுத்துவாள். அந்தக் கருப்பு மண்தான் பீட். குளிரிலும் ஈரத்திலும் அழுகாமல் சேர்ந்த செடி கொடி. நாங்கள் பந்து தொலைத்த இடம் உலகத்தில் தெரிந்த இடம் என்று அறுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிகிறது. வசந்தி என்ற ஆய்வாளர் 1988-இலேயே சாண்டிநல்லா மகரந்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். 1993-இல் ராமன் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் நான்கு பேரும் நீலகிரி பீட் மண்ணின் இருபதாயிரம் வருடக் கதையை நேச்சர் பத்திரிகையில் எழுதினார்கள். சுகுமார் நம்ம பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தவர், யானைகளுக்குப் பேர் போனவர்.

அந்த நான்கு பேரும் மகரந்தம் எண்ணவில்லை. மேலே புல்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, மைக்ராஸ்கோப்பில் புல் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்று? அதற்கு அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். கார்பனில் கனமானது ஒன்று, லேசானது ஒன்று. மரங்களும் குளிர், ஈர இடத்துப் புற்களும் கனமான கார்பனை நன்றாகவே ஒதுக்கும். வெயிலையும் வறட்சியையும் தாங்குகிற புல் வகைகள் அவ்வளவாக ஒதுக்காது. செடி மக்கிப் பீட் ஆன பிறகும் அந்த விகிதம் மண்ணில் நிற்கும். அந்த அளவை எடுத்து, வயதை ரேடியோகார்பனில் கணித்துப் பார்த்தால், பனியுகத்தின் கடைசியில் சுமார் 16,000 வருடம் முன்பு நீலகிரி காய்ந்து கிடந்திருக்கிறது, வறட்சிப் புல் மேலோங்கியிருந்திருக்கிறது. பிறகு பருவமழை வலுத்து மரம் பெருகியது. அப்புறம் சில ஆயிரம் வருடம் முன்பு மறுபடியும் ஒரு வறண்ட காலம். சோலையும் புல்லும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மழை சொன்னபடி ஆடியிருக்கின்றன. 18,500 ரூபாய் மைக்ராஸ்கோப்பில் இது ஒருநாளும் தெரியாது. விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆகவே நான் சொல்லிவைக்கிறேன். சேற்றின் கதையில் பாதிதான் கண்ணுக்கு.

இன்னொன்றும் கடையில் கிடைக்காது. துகளைப் பார்த்ததும் இது இன்ன செடி என்று சொல்ல, பெயர் தெரிந்த செடியிலிருந்து எடுத்த மாதிரி ஸ்லைடுகள் வேண்டும். தென்னிந்தியச் செடிகளுக்கு அது பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது, ஆயிரக்கணக்கில். அந்த மகரந்த ஆய்வகத்தை நடத்தியவர் தணிகைமணி. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். நாற்பத்தெட்டு வயது. பெண் அங்கே ஒரு வாரம் போய் உட்கார்ந்து ஒப்பிட்டுவிட்டு வந்தாள். வந்த பிறகு அவள் எண்ணுகிற வேகமே மாறிவிட்டது. என் கருத்து: கையில் பணம் இருந்தால் விலை கூடிய லென்ஸ் வாங்காதீர்கள், பஸ் டிக்கெட் வாங்குங்கள்.

பெண் வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில், அடியாழத்து ஸ்லைடில் கிட்டத்தட்ட எல்லாம் புல். உருண்டை, ஒரு துளை, உருண்டை, ஒரு துளை. அலுத்துப்போகும் நேரத்தில் நான்கு துகள் ஒட்டிய ஒரு பொட்டலம் வரும், காட்டுப்பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்று புத்தகத்தில் இருப்பது எங்கள் ஊரில் சிவப்பாய்ப் பூக்கும் அதுதான். சிறு வயதில் அதன் கீழே நின்றிருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் வருடத்துக்கு முன் உதிர்ந்தது இப்போது ஹலசூரில் என் சாப்பாட்டு மேஜையில்.

நான் படிக்கும்போது வாத்தியார்கள் சொன்னது, மேலெல்லாம் காடாக இருந்தது, தோடர்கள் எருமை மேய்க்க எரித்துப் புல்லாக்கினார்கள் என்று. அரசாங்கக் காகிதத்தில் புல்வெளி என்றால் தரிசு. என் அப்பா வனத்துறைக் கூலி. அந்தத் தரிசில்தான் வாழ்நாள் முழுக்கக் குழி எடுத்து சீகையும் (சீயக்காய் இல்லை, வாட்டில் என்கிற மரம்) கற்பூர மரமும் நட்டார். தோல் பதனிடச் சீகைப் பட்டை, எண்ணெய்க்கும் விறகுக்கும் கற்பூர மரம். லீவு நாளில் நாற்றுக் கூடையைச் சுமந்து நானும் பின்னால் போவேன். "சும்மா கெடக்கிற நெலம்டா, மரம் வந்தா நல்லதுதானே" என்பார். இப்போது என் பெண்ணின் அடி ஸ்லைடு சொல்கிறது, அந்தப் புல் மனிதர் யாரும் தீப்பெட்டி கொண்டுவருவதற்குப் பல்லாயிரம் வருடம் முன்பே அங்கே இருந்தது என்று.

மேல் ஸ்லைடை அவள் கடைசியாகத்தான் கொடுத்தாள். தூணின் உச்சியிலிருந்து எடுத்தது. முதல் சாலிலேயே முக்கோணங்கள் வந்துவிட்டன. கற்பூர மரம் நீலகிரிக்கு 1843 வாக்கில் வந்தது, ஆகவே சேற்றில் அதன் முக்கோணம் தலைகாட்டினால் அந்தத் துண்டு அதற்குப் பிந்தியது. ரேடியோகார்பனுக்குச் செலவழிக்க வேண்டாம், மரமே தேதி போட்டுக் கொடுத்துவிடுகிறது. நூற்றெண்பதாவது துகளோ என்னவோ எண்ணும்போது, அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. குழிப்பணியாரச் சட்டி மாதிரி. நடுவில் நான்கு, சுற்றி எட்டு. ஃபோகஸைக் கீழே கொண்டுபோய், விளையாட்டைக் கழித்து மெல்ல மேலே கொண்டுவந்தால், நடு நான்குக்கு அடியில் இன்னும் நான்கு. மொத்தம் பதினாறு துகள் ஒரே கட்டியாக.

"சீகைப்பா" என்றாள் பின்னாலிருந்து. "கட்டி கனம், தூரம் பறக்காது. பக்கத்துலயே மரம் இருந்திருக்கணும். இந்த ஸ்லைடு முழுக்கவே ரெண்டுதான் கிடைச்சுது எனக்கு."

அந்தச் சதுப்புக்கு மேல் சரிவில் யார் குழி எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் கண் குழாயிலிருந்து எழவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். 40 லென்ஸுக்கு முழுசாக, ஃபைன் ஃபோகஸுக்குப் பாதி, கடையின் போன் பேச்சுக்கு ஒன்றும் இல்லை. எண்ணிப் பழகுகிற மாணவர்கள் தைரியமாக வாங்கலாம், கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு. அந்தப் பணியாரத்தின் முகவரியை ஸ்லைடு ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்: 108.2, 23.7. ஸ்டேஜில் விளையாட்டு இருப்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது.